ஓய்வு பெறும் இயங்குதளமும் ஊராட்சிக் கணினியும்

கிணற்று மேட்டில் பூட்டிய எண்ணெய் எஞ்சின் ஒன்று பத்து ஆண்டுகளாகப் பழுதின்றி நீர் இறைத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள், அதைச் செய்த கம்பெனியார், "இந்த மாதிரி எஞ்சினுக்கு இனி உதிரி உறுப்புகள் செய்யமாட்டோம், பழுது பார்க்க ஆளும் அனுப்பமாட்டோம்" என்று அறிவித்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் எஞ்சின் வழக்கம்போல் ஓடத்தான் செய்யும். ஆயினும் விவசாயியின் மனத்தில் கவலை புகுந்துவிடும். புதிய எஞ்சின் வாங்குவதா, இருப்பதையே ஓடும்வரை ஓட்டுவதா, அல்லது உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது பார்த்துக்கொள்ளக்கூடிய வேறொரு வகைக்கு மாறுவதா என்று அவர் எண்ணத் தொடங்குவார்.

இதே நிலைமை அலுவலகங்களிலும் வீடுகளிலும் உள்ள ஏராளமான கணினிகளுக்கு ஏற்பட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் வெளிவந்த 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொதுப் பராமரிப்பை, அதைத் தயாரித்த மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. இதனால் கிராமத்துக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். பஞ்சாயத்தின் வரவு செலவு, திட்டப் பணிகளின் மதிப்பீடு, வீட்டு வரிக் கணக்கு, வேலை அட்டை விவரம் ஆகிய அனைத்தும் இன்று கணினி வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே இது ஊர்ப் பொதுச்சொத்தைப் பற்றிய கேள்வியாகும். இதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து முடிவு செய்வது அவசியம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியில் நாம் கண்ணால் காணும் திரை, விசைப்பலகை, பெட்டி ஆகியவை அதன் உடல். இந்த உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுவது. கடிதம் எழுதும் மென்பொருள், கணக்கிடும் மென்பொருள், வலைத்தளங்களைத் திறக்கும் உலாவி ஆகிய யாவும் இதன்மேல் அமர்ந்தே இயங்குகின்றன. நிலம் இல்லாமல் பயிர் இல்லை. இயங்குதளம் இல்லாமல் மற்ற மென்பொருள்கள் இல்லை.

மனிதர் எழுதிய எதிலும் பிழை இருப்பது இயல்பு. கோடிக்கணக்கான வரிகளால் ஆன இயங்குதளத்திலும் பிழைகள் உண்டு. அவற்றுட் சில, அயலார் உள்ளே புகுவதற்கு இடம் தரும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. இவை தெரியவரும்போதெல்லாம் தயாரிப்பாளர் திருத்தங்களை வெளியிடுகிறார்; கணினி அவற்றை இணையத்தின் வழியே பெற்றுப் பொருத்திக்கொள்கிறது. பராமரிப்பு நின்றது என்றால், இந்தத் திருத்தங்கள் வருவது நின்றது என்று பொருள். விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளும், விண்டோஸ் 7 பதிப்புக்கு 2020 ஜனவரி 14-ஆம் நாளும் இவ்வாறே பராமரிப்பு முடிந்தது. விண்டோஸ் 10-ஐ வைத்திருப்போருக்கு ஒரு குறுகிய காலத்திற்கு மட்டும் நீட்டிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். நீட்டிப்பு என்பது அவகாசமே தவிர, தீர்வு ஆகாது.

ஆபத்து எத்தகையது?

உதிரி உறுப்பு கிடைக்காத எஞ்சின் என்றோ ஒரு நாள் நின்றுபோகும், அவ்வளவே. திருத்தம் கிடைக்காத கணினியோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும். உவமை இந்த இடத்தில் பொருந்தாமற் போகிறது; ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. அது கணினியில் உள்ள கோப்புகளை எவரும் படிக்க இயலாதபடி பூட்டிவைத்து, திறந்துவிட வேண்டுமானால் பணம் தர வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளின் சிகிச்சையைத் தள்ளிவைக்க நேர்ந்தது. இதில் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், வெளியிட்டிருந்தது. அதைப் பொருத்திக்கொண்ட கணினிகள் தப்பின, பொருத்தாதவை சிக்கின. திருத்தமே வராத கணினியின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

"எங்கள் கணக்குகள் அரசின் பெரிய கணினிகளில் அல்லவா இருக்கின்றன? எங்கள் அலுவலகக் கணினிக்குக் கேடு வந்தால் என்ன?" என்று கேட்பது இயற்கை. ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கிய 'இ-கிராம் ஸ்வராஜ்' போன்ற தளங்களில் கணக்குகள் வேறிடத்தில் பத்திரமாக இருப்பது உண்மையே. ஆனால் களஞ்சியம் எங்கிருந்தாலும் சாவி நம் அலுவலகக் கணினியில் புழங்குகிறது. கடவுச்சொல்லும், பணம் வழங்க ஒப்புதல் அளிக்கும் மின் கையொப்பமும் இந்தக் கணினியின் வழியாகவே செல்கின்றன. மேலும், தீர்மான நகல்களும், பயனாளிகளின் பட்டியல்களும், அளவைக் குறிப்புகளும் பல இடங்களில் இந்தக் கணினியில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை இழந்தால் ஊருக்கு வேறு நகல் இல்லை.

முன்னே உள்ள வழிகள்

இத்தகைய தருணத்தில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அதே நிறுவனத்தின் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறுவது. கணினி புதியதாயின் இது எளிது. ஆனால் அந்தப் பதிப்பு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த செயலிகளும் வேண்டும் என்று வரையறுக்கிறது. அதற்கு முற்பட்ட கணினிகள் எவ்வளவு நன்றாக ஓடினாலும் முறைப்படி தகுதி பெறுவதில்லை. இரண்டாவது வழி, பழைய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவது. நிதி இருந்தால் செய்யலாம். எனினும் நல்ல நிலையில் உள்ள பொருளை வீணாக்குகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, அதே கணினியில் திறமூல இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வது. இதைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம்.

திறமூலம் என்றால் என்ன?

மென்பொருளை எழுதியவர் முதலில் எழுதும் வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். பல நிறுவனங்கள் மூலநிரலை வெளியிடுவதில்லை. இயங்கும் வடிவத்தை மட்டும், கட்டணத்திற்கும் நிபந்தனைக்கும் உட்பட்டுத் தருகின்றன. திறமூல மென்பொருளிலோ மூலநிரல் எவரும் காணத் திறந்திருக்கும். அதை உபயோகிக்கவும், படிக்கவும், பிறருக்குக் கொடுக்கவும், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு.

விவசாயிகளுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஆண்டுதோறும் கடையில் வாங்கியே தீரவேண்டிய விதை ஒன்று. அறுவடையில் எடுத்து வைத்து, மறுபடி விதைத்து, பக்கத்து ஊர்க்காரருக்கும் ஒரு மரக்கால் கொடுத்து, தன் மண்ணுக்கேற்பத் தேர்ந்து வளர்க்கக்கூடிய விதை மற்றொன்று. திறமூல மென்பொருள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விற்றவர் கடையை மூடினாலும் விதை நம் கையில் இருக்கும்.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் இத்தகைய சுதந்திரமான இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து வளர்ந்ததே இன்று லினக்ஸ் என்று பொதுவாக வழங்கப்படுவது. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் எனப் பல பதிப்புகள் இதற்கு உண்டு. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ் கருவே. ஆகையால் இது அயல் பொருள் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம்மிற் பலர் அறியாமலே இதை அன்றாடம் உபயோகித்து வருகிறோம்.

"வீட்டின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் திருடன் எளிதில் நுழைவானே?" என்று ஒரு சந்தேகம் எழலாம். பூட்டு எவ்வாறு அமைந்தது என்று அறிவது வேறு; சாவி கையில் இருப்பது வேறு. மூலநிரல் திறந்திருப்பதால் பிழையைக் கண்டு திருத்துவோரும் பலராவர். எனினும் லினக்ஸிலும் பிழைகள் உண்டு. அதற்கும் திருத்தங்களை உடனுக்குடன் பொருத்தியாக வேண்டும். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓய்வுக் காலமும் உண்டு. வேறுபாடு என்னவெனில், அடுத்த பதிப்புக்கு விலையில்லை. பழைய கணினிகளுக்கென்றே இலேசான பதிப்புகளும் கிடைக்கின்றன.

நம் மாநிலத்தில் நடந்தது

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2005-இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்திய தேசியத் திறமூல வள மையம் தொடங்கப்பட்டது. அதன் முயற்சியால் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் பதிப்பு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் வகையில் வெளிவந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பராமரிப்பு முடிவடைந்த சமயம், அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு பிற துறைகளுக்கு அறிவுறுத்தியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளிலும் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றிருந்தது. ஊரில் அந்தக் கணினியைப் பெற்ற இளைஞர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுள் லினக்ஸைத் திறந்து பார்த்தவரும் இருக்கக்கூடும்.

ஒன்றிய அரசும் 2015-ஆம் ஆண்டில், அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டது. ஆனால் அறிவுரை வந்த இடங்களிலெல்லாம் மாற்றம் நிலைத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மென்பொருளை மாற்றுவது ஒரு நாள் வேலை; அலுவலகத்தின் பழக்கத்தை மாற்றுவதற்கோ பயிற்சியும் பொறுமையும் வேண்டும். இதைப் பிறருடைய அனுபவத்திலிருந்து நன்கு அறியலாம்.

பிறர் கண்ட அனுபவம்

அண்டை மாநிலமான கேரளத்தில், பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் 2000-ஆம் ஆண்டுகளிலேயே லினக்ஸுக்கு மாறியது. அங்கு முதலில் செய்தது ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததேயாகும். பாடநூலும், செய்முறைத் தேர்வும், பள்ளிக் கணினியும் ஒரே மென்பொருளைச் சார்ந்து அமைந்தன. பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பைத் தயாரித்து, மலையாளத்தில் கருவிகளைச் சேர்த்து, காலத்திற்கேற்பப் புதுப்பித்து வந்தார்கள். 2019-இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பு வழங்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அத்திட்டத்தினர் கணக்கிட்டார்கள்.

பிரான்சு நாட்டில் நாட்டுப்புறப் பகுதிகளின் காவலைப் பெரும்பாலும் கவனிக்கும் 'ஜாந்தார்மரி' என்னும் காவற்படையின் அனுபவம் நமக்கு மிகவும் பொருத்தமானது. அவர்களுக்கும் நாடெங்கும் சிற்றூர்களில் சிறு சிறு நிலையங்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டளவில் கடிதமும் கணக்கும் எழுதும் மென்பொருளை மட்டும் திறமூலத்திற்கு மாற்றினார்கள். அடுத்து உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றினார்கள். இவை மூன்றும் பழைய இயங்குதளத்தின் மேலேயே ஓடின. பணியாளர்கள் இவற்றிற் பழகிய பின்னரே, 2008 முதல், அடியில் இருந்த இயங்குதளத்தை உபுண்டு லினக்ஸாக மாற்றத் தொடங்கினார்கள். மேலே உள்ள கருவிகள் அப்படியே இருந்தமையால் மாற்றம் பெரிதாகத் தோன்றவில்லை. எக்ஸ்பியிலிருந்து அடுத்த விண்டோஸ் பதிப்புக்குப் போனாலும் பயிற்சி அளித்துத்தான் ஆகவேண்டும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். இன்று அப்படையின் கணினிகளிற் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி வேறொரு பாடம் தருகிறது. அவர்கள் உபயோகித்த விண்டோஸ் என்.டி. பதிப்பின் பராமரிப்பு முடிவுக்கு வந்த நிலையில், 2003-இல் லினக்ஸுக்கு மாற நகர மன்றம் தீர்மானித்தது. ஏறத்தாழ 15,000 கணினிகள். வேலை 2013 வரை நீண்டது. துறைக்கொரு கணினிப் பிரிவு, பிரிவுக்கொரு வழக்கம், ஆயிரக்கணக்கான படிவ அச்சுகள் எனச் சிக்கல்கள் பெருகியிருந்தமையே தாமதத்துக்கு முக்கியக் காரணம். மாற்றம் நிறைவேறியது, ஆனால் சில தனி மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாமையும், பணியாளர்களின் குறைகளும், நிர்வாகக் குழப்பங்களும் சேர்ந்து, 2017-இல் மறுபடி விண்டோசுக்குத் திரும்ப அதே மன்றம் வாக்களித்தது. 2020-இல் பொறுப்பேற்ற புதிய கூட்டணி, இயன்ற இடமெல்லாம் திறமூலத்திற்கே முதலிடம் என்று மீண்டும் உடன்பாடு செய்துகொண்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? மாற்றத்தின் வெற்றி இயங்குதளத்தின் சிறப்பை மட்டும் பொறுத்ததன்று. வேலைகளை முன்கூட்டியே கணக்கெடுப்பதும், மாற்றும் வரிசையும், பழகுவோருக்குத் துணை நிற்பதுமே அதை நிர்ணயிக்கின்றன.

எந்த வரிசையில் மாறுவது?

முதற்படி, ஆவணங்கள். எந்த மாற்றம் செய்வதற்கு முன்னும் கணினியில் உள்ள கோப்புகளை இரண்டு தனித்தனிச் சேமிப்பு வட்டுகளில் நகல் எடுக்க வேண்டும். ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று வேறொரு பாதுகாப்பான கட்டடத்திலும் இருக்கட்டும். நகல் எடுத்ததோடு நில்லாமல், அதை வேறு கணினியில் திறந்து பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகல், முளைத்திறன் பார்க்காத விதை போன்றது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய காலத்தில் பல நிறுவனங்கள் தத்தம் எழுத்துருக்களுக்குத் தத்தம் குறியீடுகளை வைத்துக்கொண்டன. அவ்வகை எழுத்துருவில் தட்டச்சு செய்த தீர்மானத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தோன்றும். இக்குழப்பத்தை நீக்க வந்ததே ஒருங்குறி என்னும் யூனிக்கோடு. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆதலின் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது எப்படியும் செய்ய வேண்டிய பணி. இதற்கான எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின், பெயர்களையும் சர்வே எண்களையும் தொகைகளையும் அச்சுப் பிரதியோடு ஒருவர் படிக்க மற்றொருவர் ஒத்துப் பார்த்தல் நலம்.

இரண்டாம் படி, பணிக்கருவிகள். இருக்கும் இயங்குதளத்தின் மேலேயே 'லிப்ரே ஆபிஸ்' என்னும் திறமூல அலுவலக மென்பொருளையும், 'பயர்பாக்ஸ்' போன்ற உலாவியையும் நிறுவிக்கொள்ளலாம். கடிதம் எழுதவும், அட்டவணை போடவும் லிப்ரே ஆபிஸ் போதுமானது. அது தமிழ் முகப்பிலும் கிடைக்கிறது. அதன் கோப்பு வடிவம் 2006-இல் உலகத் தர அமைப்பின் ஒப்புதல் பெற்றது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று. ஓரிரு மாதங்கள் அன்றாட வேலைகளை இவற்றிலேயே செய்து பழகட்டும். பழைய படிவங்களில் எவை கோணலாகத் திறக்கின்றன என்பதும் இக்காலத்தில் தெரியவரும்.

மூன்றாம் படியே இயங்குதளம். இதிலும் எடுத்த எடுப்பில் நிறுவ வேண்டுவதில்லை. லினக்ஸ் பதிப்பு ஒன்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கி, உள்ளே இருப்பதைத் தொடாமல் சோதித்துப் பார்க்க இயலும். அச்சுப்பொறி அச்சிடுகிறதா, ஸ்கேனர் வேலை செய்கிறதா, இணையம் இணைகிறதா, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட 'தமிழ் 99' விசைப்பலகையில் தட்டச்சு ஏறுகிறதா என ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளலாம். எல்லாம் நிறைவாக இருந்தால் நிறுவலாம். மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பிலோ, தணிக்கையின்போதோ இதைச் செய்யலாகாது. வேலை குறைந்த ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

எங்கே நிதானம் வேண்டும்?

எல்லாக் கணினிகளும் மாறத்தக்கவை என்று நாம் சொல்லவில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மின் கையொப்பச் சாவி. சில சாவிகளுக்கு லினக்ஸில் இயங்கும் மென்பொருள் உண்டு. ஆனால் சாவியை அரசுத் தளத்தோடு இணைக்கும் துணை மென்பொருள் விண்டோசுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கலாம். கைரேகைக் கருவிகளுக்கும் இது பொருந்தும். சோதித்துப் பார்க்காமல் மாறிவிட்டு, கூலி வழங்கும் நாளில் ஒப்புதல் அளிக்க இயலாமல் திகைப்பது ஊருக்கு நட்டமே. ஒரு வேலைக்கேனும் விண்டோஸ் இன்றியமையாதது எனக் கண்டால், பராமரிப்பு உள்ள பதிப்பில் ஒரு கணினியை அதற்கென்றே ஒதுக்கி, மற்றவற்றை லினக்ஸுக்கு மாற்றலாம்.

வேறொன்றும் உண்டு. அலுவலகக் கணினி அரசு உடைமை. உறுப்பினரோ செயலரோ தம் விருப்பப்படி மாற்றலாகாது. மன்றத்தில் தீர்மானம் இயற்றி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் ஒப்புதலும் தொழில்நுட்ப ஆலோசனையும் பெற்ற பின்னரே கை வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

திறமூலம் விலையில்லாதது என்பதால் செலவே இல்லாதது என்று எண்ணிவிடக்கூடாது. உரிமக் கட்டணம் இல்லையே தவிர, பயிற்சிக்கு நாள் செலவாகும்; தொடக்கத்தில் வேலை சற்று மெதுவாகும்; பழுது நேர்ந்தால் வந்து பார்க்க ஒருவர் வேண்டும். ஆனால் இந்தச் செலவு உள்ளூரிலேயே தங்குகிறது. பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர் ஒருவர், பள்ளிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கும் துணை நிற்பார். பழைய கணினிகள் சிலவற்றில் நினைவகத்தைக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகம் பொருத்தினால், அவை இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும். புதியது வாங்கும் தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

கணினியை அறவே ஒதுக்க நேர்ந்தால், அதிலுள்ள வட்டை முற்றிலும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். ஊராரின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரலாகாது. மின்னணுக் கழிவை எரிப்பதும் குளத்தங்கரையில் கொட்டுவதும் நிலத்துக்கும் நீருக்கும் கேடு. அதற்கென அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

விவசாயியின் வீட்டில்

விவசாயப் பெருமக்களிற் பலருடைய வீட்டிலும் மகனோ மகளோ கொண்டுவந்த பழைய மடிக்கணினி ஒன்று பரண்மேல் இருக்கக்கூடும். பட்டா, சிட்டா பார்ப்பதும், சந்தை விலை அறிவதும், பிள்ளைகளின் பாடமும் உலாவியின் மூலமே நடப்பவை. அவை லினக்ஸிலும் நடக்கும். அந்த இயந்திரத்தைத் தூசி தட்டி, இலேசான லினக்ஸ் பதிப்பு ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம். கெட்டுப்போனாலும் பொதுப்பணிக்கு இடையூறு இல்லாத இடம் வீடு. ஆகையால் பழகுவதற்கு அதுவே சிறந்த நாற்றங்கால்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் குறிப்பேட்டில் பதிவு செய்வார்களாக. நம் அலுவலகக் கணினியில் உள்ள இயங்குதளம் எது. அதற்குப் பராமரிப்பு எந்நாள் வரை உண்டு? அதில் நடைபெறும் வேலைகள் யாவை. ஒவ்வொன்றுக்கும் எந்த மென்பொருளும் கருவியும் தேவை? ஆவணங்களின் நகல் எத்தனை இடங்களில் இருக்கிறது. கடைசியாக எப்போது திறந்து சரிபார்க்கப்பட்டது? பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகள் எத்தனை? கணினி அறிந்த இளைஞர் ஊரில் யார் யார் உளர்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், விண்டோஸ் 11-ஆ, புதிய கணினியா, லினக்ஸா என்னும் கேள்விக்கு விடை தானே தெளியும்.

ஏரியின் கரை உடைந்த பிறகு மண் தேடுவதில் பயனில்லை. மழைக்கு முன்பே மதகைப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். கணினியின் பராமரிப்பு முடியும் நாளைத் தயாரிப்பாளர் ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிடுகிறார். மழை வரும் நாள் தெரிந்திருந்தும் கரையைக் கவனியாதிருக்க நியாயமில்லை. ஊரின் கணக்கு எந்தக் கணினியில் இருந்தாலும் ஊரார் கையில் இருக்க வேண்டும். நாளை மென்பொருள் மாறினாலும் அதைத் திறந்து படிக்க இயல வேண்டும். அதற்கான வேலையை இன்றே, ஒரு நகல் எடுத்து வைப்பதிலிருந்து, தொடங்குவோமாக.